ஒற்றைச் செடியில் காய்

சாவோ ஜோவாக்கிம்,
ஏப்ரல், ஞாயிறு மாலை

அன்புள்ள எலோய்க்கு,

நலம். அத்தையும் நலம், முட்டிவலி மட்டும் ஜூன் குளிருக்கு முன்னாலேயே வந்துவிட்டது. பைன் கொட்டை விழத் தொடங்கியிருக்கிறது. அடுப்புத் தட்டில் சுட்டு, உங்கள் பங்கென்று ஒரு கைப்பிடியை இன்னும் தனியாக எடுத்து வைக்கிறார். பிறகு அவரே தின்றுவிடுகிறார்.

பிரிவுக்குச் சம்மதமா என்று போன மாதம் கேட்டிருந்தீர்கள். சம்மதம் என்று எழுதத்தான் இருந்தேன். வியாழக்கிழமை வக்கீலைப் பார்ப்பதாகவும் ஏற்பாடு. அதற்குள் கொல்லையில் நிற்கும் மலைக்கொய்யா காய்த்துப் பழுத்துவிட்டது.

சிரிக்க வேண்டாம். நாம் கல்யாணமான வருடம் நட்ட செடி. ஒவ்வொரு நவம்பரிலும் சிவப்புக் கேசர இழைகள் குத்திட்டு நிற்கப் பூக்கும். தித்திப்பான இதழ்களைப் பறவைகள் தின்றுபோகும். ஒரு காய் நின்றதில்லை. தன் மகரந்தத்தை அது தானே ஏற்காது, வேறு வகைச் செடி ஒன்று பக்கத்தில் வேண்டும் என்று வருடா வருடம் சொன்னேன். "பாக்கலாம்" என்பீர்கள். "இந்த வீட்டுல எது நின்னுச்சு, இது நிக்க?" என்பார் அத்தை. அவர் செடியைத்தான் சொன்னார் என்று நாம் இருவரும் வைத்துக்கொண்டோம்.

டிசம்பரில் பிஞ்சைப் பார்த்தபோது உதிர்ந்துவிடும் என்றே நினைத்தேன். இப்போது காலையில் கதவைத் திறந்தால் புல்லில் பச்சைப் பழங்கள் கிடக்கின்றன. அத்தை மெழுகுவத்தி ஏற்றிவிட்டார். "மாதா கண்ணத் தொறந்துட்டா ஜூசாரா, அவன் வந்துருவான் பாரு" என்கிறார். அடுத்த வீட்டு நெல்சி வேலிமேல் சாய்ந்து, "டீச்சரக்கா, நீங்கதான் வீட்டோட கெடக்கீங்க, ஒங்க செடி எவனையோ புடிச்சிருச்சு!" என்று தெருவுக்கே கேட்கச் சிரித்தாள். அக்கம்பக்கத்தில் யாராவது புதிதாக நட்டார்களா என்று அவளிடம் விசாரித்தேன். இல்லையாம். நானும் வேலிவேலியாக நடந்து பார்த்தேன். எல்லாம் ஆப்பிள்தான்.

நேற்று செடிக்குள்ளேயே தலையை விட்டுப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் ஒரு கிளையில் மட்டும் இலை அகலமாக இருந்தது. கீழே தடவிக்கொண்டு போனால் வேறு வகைக் கிளையை ஒட்டுக் கட்டிய இடம். சைக்கிள் டியூப் கீற்று. வீங்கிய பட்டை அதைப் பாதி விழுங்கியிருக்கிறது. முடிச்சு இல்லை. நுனி உள்ளே செருகியிருக்கிறது. முடிச்சுப் போடாததற்காகக் கல்லூரித் தோட்டத்தில் திட்டு வாங்கியவர் நீங்கள் ஒருவர்தான். "அவுக்கும்போது செடிக்கு வலிக்கக் கூடாதில்ல?" என்று பேராசிரியரிடமே கேட்டீர்கள்.

அத்தையிடம் இதைச் சொல்லவில்லை. மாதாவுக்கு ஒட்டுக் கட்டத் தெரியுமா என்று மட்டும் கேட்டேன். "அவளுக்குத் தெரியாதது என்னடி? ஒனக்குத்தான் எல்லாத்துக்கும் சாட்சி வேணும்" என்றார்.

ஒட்டுக் கட்டுவது ஆகஸ்டில். நீங்கள் போனது மூன்று வருடத்துக்கு முன் செப்டம்பரில். அந்த ஆகஸ்ட் முழுக்க என்னோடு நாலு வார்த்தை பேசவில்லை. போகத் தீர்மானித்தவர், காய்க்க வருடக்கணக்காகும் கிளையை ஏன் கட்டினீர்கள்? இருக்க நினைத்துத்தான் கட்டினீர்கள் என்றால், ஏன் போனீர்கள்? இல்லை, நான் கேட்டுக்கொண்டே இருந்ததைச் செய்து கொடுத்துவிட்டு, இனி பாக்கி இல்லை என்று கிளம்பினீர்களா? ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சரியாகத்தான் வருகிறது. சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் பிடிபடவில்லை.

வியாழக்கிழமை வரவில்லை என்று வக்கீலுக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். இதைச் சம்மதமில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சம்மதம் என்றும் வேண்டாம்.

இன்னொன்று. அந்தக் கட்டு இறுகுகிறது. எடுக்காவிட்டால் கிளை நெரிந்து போகும். செருகிய நுனியைத் தேடிப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. கத்தியால் அறுத்துவிடலாம். கத்தியோடு போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். நீங்கள் கட்டியது. வந்து அவிழ்க்கிறீர்களா, நானே அறுத்துவிடட்டுமா? உறைபனி இறங்குவதற்குள் ஒரு வரி எழுதுங்கள்.

துறைமுகத்துக் காற்று உங்கள் நெஞ்சுக்கு ஆகாது. கழுத்தை மூடிக்கொண்டு வேலைக்குப் போங்கள். மாதா உங்கள் பக்கத்தில் இருக்கட்டும். இது அத்தை எழுதச் சொன்னதல்ல.

ஜூசாரா