கவிஷா கண்ணை மூடி ஓடுகிறாள்

பெப்ரவரி 6, வியாழன்

காலையில் பனிமூட்டம். யூனிபார்ம் காயவில்லை. அடுப்புக்கு மேலே கட்டி, புகை வாடையோடு மகளை ஸ்கூலுக்கு அனுப்பினேன்.

தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் எனக்கு இன்று சரியான வேலை. தேயிலைக் கொழுந்து எடுக்கப் போன தாய்மார் விட்டுப்போனது எல்லாம் சளி பிடித்த குழந்தைகள். மூக்குத் துடைத்தே மதியம் ஆனது.

பின்னேரம் கவிஷாவின் டீச்சர் வழியில் நிறுத்தினார். என்ன வம்பு இழுத்தாளோ என்று பயம்.

"ஒங்க மக ஓடுறா, தெரியுமா?"

"எங்க ஓடிட்டா டீச்சர்?"

"ஐயோ, ஓட்டப் போட்டியில! நாலாம் வகுப்புல அவதான் முந்துறா. ஆனா பாதியில கண்ண மூடிக்கிறா. பக்கத்துப் புள்ளயோட கோட்டுக்குள்ள போயிடுறா. ஏன்னு கேளுங்க."

கவிஷாவா? தண்ணி எடுக்க அனுப்பினால் பீலிக்கரையில் குடத்தை வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கிறவள். அவளா முந்துகிறாள்?

கேட்டேன். "சும்மாதாம்மா."

சும்மா யாராவது கண்ணை மூடுவார்களா?

பெப்ரவரி 8, சனி

கொழும்பிலிருந்து இவர் போன். வேலை செய்யும் கடையில் கூட்டம் இல்லையாம். விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரிப்பு, பிறகு பயம். "கண்ணுல ஏதும் கோளாறா இருக்கும். காட்டிரு."

கவிஷாவோடு பதுளை பஸ். ஹாலிஎல வளைவில் க.வுக்கு வாந்தி. கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை கடகடவென்று வாசித்தாள். கடைக்காரர் சிரித்தார். "இந்தக் கண்ணுக்குக் கண்ணாடி வித்தா எனக்குத்தாம்மா பாவம்."

வரும்போது மறுபடி கேட்டேன். "தூசி விழுதும்மா." வாரம் முழுக்க மழை. தூசி ஏது?

வாங்க மறந்தது: தேங்காய் எண்ணெய், ஊக்கு.

பெப்ரவரி 11, செவ்வாய்

வேலை முடிந்து வரும்போது ரோட்டில் யாரும் இல்லை. நானே கண்ணை மூடி ஓடிப் பார்த்தேன். செருப்புச் சத்தம், என் மூச்சு, தூரத்தில் ஃபெக்டரி மெஷின். அதற்குள் ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள் விழுந்துவிடுவேனோ என்று பயம் வந்து கண்ணைத் திறந்துவிட்டேன்.

எதிரே பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா, கொழுந்துக் கூடையோடு. "என்னாடி, அட்ட கடிச்சிருச்சா?"

"ஆமாக்கா."

பெப்ரவரி 16, ஞாயிறு

கிரவுண்டில் பிள்ளைகளுக்குப் பயிற்சி. நான் போனது க.வுக்குத் தெரியாது. சவுக்கு மரத்துக்குப் பின்னால் நின்றேன்.

ஓடினாள். என் பிள்ளைதான், ஆனால் இப்படி நான் பார்த்ததே இல்லை. வாய் திறந்து, முழங்கால் ஏறி ஏறி, சடை முதுகில் அடிக்க. பாதி தூரத்தில் கண் மூடியது. வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டும்போது வைத்திருப்பாளே, அந்த முகம். இது என்னிடமிருந்து வந்ததில்லை. இவரிடமிருந்தும் இல்லை, பஸ் வந்தாலும் நடந்தே போகிற மனிதர். பின்னே எங்கிருந்து?

பிறகு விழுந்தாள். முழங்கால் சிராய்ப்பு. எழுந்து மறுபடியும் போய்க் கோட்டில் நின்றாள்.

வீட்டில் மருந்து போடும்போது சொன்னேன். "கண்ண மூடினா டீச்சர் ஒன்னய எடுக்க மாட்டாங்க கண்ணு."

"தொறக்கச் சொன்னா தொறக்கிறேன். ஆனா அப்ப ஓடுற மாதிரியே இல்லம்மா."

பிளாஸ்டரைத் தானே ஒட்டிக்கொண்டு எழுந்து போனாள். சொல்லியிருக்க வேண்டாமோ?

பெப்ரவரி 21, வெள்ளி

போட்டி. நல்ல வெயில். அரை நாள் லீவு. க. சிவப்பு இல்லத்து அணி, தலையில் சிவப்பு ரிப்பன், முழங்காலில் பிளாஸ்டர். முடியும் கோட்டருகே இடம் பிடித்து நின்றேன்.

விசில். புறப்பட்டதுமே முன்னால் வந்தாள். பாதி தூரம் வருகிறது, இப்போது மூடப் போகிறாள், விழப் போகிறாள்...

அவ்வளவுதான் தெரியும். சுற்றிலும் கூச்சல். பார்த்தபோது க. புல்லில் கிடந்து இன்னொரு பிள்ளையோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் தொறந்துக்கிட்டே வந்தேன்! நீங்கதான் கண்ண மூடிக்கிட்டு நின்னீங்க!"

இரண்டாவது. பக்கத்தில் கிடந்த திவ்யா முதல். ஒரு கை அளவுதான் வித்தியாசம் என்றார் டீச்சர். எனக்கு அழுகையா சிரிப்பா என்றே தெரியவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் ஐஸ் பழம்.

பின்னேரம் இவர் போன். "எப்படி ஓடினா?"

"தெரியலங்க. நான் பாக்கல."

"பின்ன எதுக்கு லீவு போட்டுப் போன?"

க. போனைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். நான் உள்ளே போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தேன். இவர் என்ன கேட்டாரோ, அவள் பேச்சு மட்டும் கேட்டது.

"இல்லப்பா, தூசி இல்ல. ஓட ஆரம்பிச்சா என்னென்னமோ நெனப்பு வரும். கண்ண மூடினா போயிரும்... சும்மா நெனப்புதான். வீட்டுப்பாடம், அம்மா ஏசுவாங்களா, நீங்க எப்ப வருவீங்க, அதெல்லாம்... இன்னைக்கு மூடாமலே போயிருச்சுப்பா! ஒண்ணுமே நெனைக்கல. காலு மட்டுந்தான் போச்சு."

இத்தனை நாள் நான் கேட்டதற்குச் சும்மா, தூசி. அப்பாவுக்கு மட்டும் பதில்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டு உள்ளிருந்தே காது கொடுத்தேன். இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறாள். போனில் சார்ஜ் தீரும் வரை பேசட்டும்.