காக்கைக்கு வைத்த சோற்றைப் புறா உண்டது

ஆடி அமாவாசை, இரவு.

கற்பகாம்பிகையே, என் மதியைத் தெளிவாக்குவாயாக.

நாற்பதாண்டுகள் கல்லூரியில் தருக்கம் கற்பித்தவன் நான். இன்று என் வீட்டு மாடியிலேயே தோற்றேன்.

தர்ப்பணம் முடித்து, மாடிச் சுவரில் காக்கைக்குச் சோறு வைத்தேன். அது உண்ட பிறகே நாங்கள் உண்பது வழக்கம். மணி இரண்டாகியும் காக்கை வரவில்லை. புறா ஒன்று வந்து முழுவதையும் தின்றுவிட்டது. மீண்டும் சோறு வைத்துக் காத்திருக்கலாம் என்றேன். சர்க்கரை நோயுள்ள என் மனைவி மீனாட்சிக்கோ கை நடுங்கத் தொடங்கியிருந்தது.

"அதான் பித்ரு வந்து சாப்ட்டாச்சே. வாங்கோ, இலை போடறேன்."

"காக்கைன்னா பித்ருடீ. இது காக்கை இல்லை. அதனால இது பித்ரு இல்லை."

"பசு பால் தரும். எருமை பசு இல்லை. அதனால எருமை பால் தராதோ? இதைத்தான் நாப்பது வருஷமா சொல்லிக் கொடுத்தேளா?"

இதே பிழையை எத்தனை விடைத்தாள்களில் சிவப்பு மையால் சுழித்திருப்பேன்! இலை முன் அமர்ந்தேன்.

ஐந்து மணிக்குக் காக்கை வந்தது. வெறும் சுவரைப் பார்த்தது. பிறகு என்னை முறைத்தது.

"உங்கப்பாவேதான். என்னிக்கு அவர் நேரத்துக்குச் சாப்பிட வந்திருக்கார்?" என்றாள் மீனாட்சி.

அப்பா தாமதமாக வருவார். இக்காக்கையும் தாமதமாக வந்தது. ஆகவே இது அப்பா. இம்முடிவு செல்லாது. ஏன் செல்லாதென்பதும் எனக்குத் தெரியும். ஆயினும் எழுந்து போய், புதிதாகச் சோறு பிசைந்து, நெய்யைச் சற்றுக் கூடுதலாகவே விட்டேன். அப்பாவுக்கு நெய் பிடிக்கும்.

என்றேனும் இந்நாட்குறிப்பைப் புரட்டுபவரும் அவர் இல்லத்தாரும் நேரத்தோடு உண்டு நெடிது வாழ்க.