யார் போட்ட சட்டை

ஜூன் 9, 2024

அயோத்தியாப்பட்டணத்துப் பழந்துணிக் கிடங்கிலிருந்து அன்பழகன் கூப்பிட்டார். வெளிநாட்டு மூட்டையைப் பிரித்ததில், நான் சேர்க்கிற ராணுவத் துணிபோலப் பச்சையாக ஒன்று வந்திருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை, கடை லீவு. திருச்செங்கோட்டிலிருந்து பஸ் பிடித்துப் போய் வாங்கி வந்துவிட்டேன்.

அமெரிக்க ராணுவ ஜாக்கெட்தான். காலருக்குள் குல்லாவைச் சுருட்டி வைக்க ஒரு ஜிப். லேபிளில் ஒப்பந்த எண் பாதி அழிந்து 67 மட்டும் தெரிகிறது. 1967 என்றால் வியட்நாம் போர்க்காலம். இடது தோளில் இருந்த சின்னத்தைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்த இடம் மட்டும் வெளுக்காமல் இலை வடிவத்தில் கரும்பச்சையாக நிற்கிறது. இலை என்றால் இருபத்தைந்தாம் காலாட்படைப் பிரிவு.

"பிரியா, இங்க வந்து பாரு" என்று வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டேன். வீட்டில் யாரும் இல்லை. அவள் ஜேடர்பாளையத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது.

ஜூன் 10

பீரோவில் நிலாவின் துணித் தட்டு காலி. தெரிந்தும் திறந்து பார்த்தேன்.

ஜூன் 16

மழை வருவதுபோல் இருட்டிக்கொண்டு வந்து ஏமாற்றிவிட்டது. ஜாக்கெட்டை மேசையில் விரித்து உட்கார்ந்தால் கண் அதில் நிற்கவில்லை. பிரியா கிளம்பிப் போன அன்றைய சண்டைதான் மனசில் ஓடுகிறது.

நிலா போய் அப்போது ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. நாலு வயசுப் பிள்ளை. டெங்குக் காய்ச்சல். பழைய சட்டை ஒன்றைத் தேடி நான் பெங்களூர் போய்த் திரும்பிய அன்று, பிள்ளையின் துணி ஒன்றுகூட வீட்டில் இல்லை. பிரியா எல்லாவற்றையும் துவைத்து மடித்து யாருக்கோ கொடுத்துவிட்டாள்.

"யாரக் கேட்டுக் குடுத்தே?"

"ஏனுங்க, எங்கியோ செத்தவன் சட்டையத் தடவிப் பாத்து, இவன் இந்தப் படை, இந்த வருசம்னு சொல்றீங்க. நம்ம புள்ள சட்டைய ஒரு நா தொட்டீங்களா? தெனமும் பீரோவத் தொறந்து நாந்தானுங்க அழுதேன்."

தொட்டால் தாங்கமாட்டேன் என்றுதான் தொடவில்லை. அதைச் சொல்லாமல் கத்தினேன். அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

யாருக்குக் கொடுத்தாள் என்று இன்றுவரை சொல்லவில்லை. நானும் — எப்படிக் கேட்பது?

ஜூன் 23

இன்னொரு ஜாக்கெட் வந்திருக்கிறது என்றார் அன்பழகன். போகவில்லை.

ஜூலை 7

அத்தை நேற்றுப் போன் செய்தார். "மாப்ள, பிரியா சரியாச் சாப்படறதில்லீங்க. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

ஜேடர்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக வீட்டுக்குப் போகாமல் அணைக்கட்டுப் பக்கம் நடந்தேன். மீன் வறுக்கிற கடைகளில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஒரு கடைக்கு முன்னால் மஞ்சள் கவுன் போட்ட சின்னப் பெண்குழந்தை ஒன்று, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது.

பின்கழுத்தில் பச்சைப் பொத்தான்.

ராணுவப் பொத்தான். என் டப்பாவில் கிடந்தது. கவுனின் சொந்தப் பொத்தான் தொலைந்துபோனபோது, "அப்பா, இதுதான் வேணும்" என்று நிலாவே பொறுக்கி எடுத்தாள். நான்தான் தைத்தேன், கறுப்பு நூலில், கோணலாக. அந்தக் கோணல் என் கை. ராணுவச் சட்டைகளுக்குப் பார்ப்பதுபோல் எந்தப் புத்தகத்தையும் புரட்ட வேண்டியிருக்கவில்லை.

எவ்வளவு நேரம் நின்றேனோ. மீனைப் புரட்டிக்கொண்டிருந்த பெண் கேட்டாள்: "என்னங்க சார், எம் புள்ளையவே பாக்கறீங்க?"

"இல்லீங்க... கவுன் நல்லாருக்குதுங்க."

"பால்வாடி டீச்சர் குடுத்தாங்க. பொத்தான்தான் சேரல. மாத்தறன்னா இந்த அனிதா உடமாட்டேங்கறா."

வேறு நாலு கவுன் வாங்கித் தருகிறேன், இதைக் கொடுத்துவிடுங்கள் — நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் பிள்ளை எழுந்து ஓடியது. கவுன் முழங்காலுக்கு மேலே ஏறியிருக்கிறது. ஆடி தாண்டாது, பத்தாமல் போய்விடும்.

நிலாவுக்கு அது பத்தாமல் போகவே இல்லை.

ஜூலை 8

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை.

பிரியா மெலிந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, "மஞ்சக் கவுனப் பாத்தேன்" என்றேன்.

"பொத்தான் இருக்குதுங்களா?"

"இருக்குது."

"பிக்க வேண்டாம்னு டீச்சர்கிட்டச் சொல்லித்தான் குடுத்தேன்." அப்புறம் மெதுவாக, "அந்தப் புள்ள ஓடுதுங்களா?"

"ஓடுது சாமி. நல்லா ஓடுது."

அழுதோம். நிலா போனதிலிருந்து இரண்டு பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து அழுதது இப்போதுதான். அத்தை அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை.

வீட்டுக்கு வா என்று கூப்பிடவில்லை. கூப்பிடத் தோன்றவில்லையா, தைரியம் இல்லையா?

ஜூலை 29

பிரியா நேற்றுச் சாயந்திர பஸ்ஸில் வந்தாள். வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் என்றாள். சரி என்றேன்.

காலையில் கடைக்குக் கிளம்பும்போது, இத்தனை நாள் பழக்கத்தில், வெளியே பூட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டேன். பஸ் ஸ்டாண்டு தாண்டியதும்தான் உறைத்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தால், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"ஊட்டுல ஆளிருக்கறது மறந்து போச்சுங்களா?" கோபமில்லை. சிரிப்புமில்லை. "எனக்கும் ஒரு சாவி செஞ்சு குடுங்க."

மதியமே செய்து வாங்கிவிட்டேன்.