கயிற்றை இழுத்தால் வரும் மெட்டு

இன்று காலை குடோன் வாசலில் ஒரு சரக்கு வேன் ரிவர்ஸ் எடுத்தது. அந்த மெட்டு கேட்டதும் பில் எழுதிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. நீ கண்ணை மூடி மூன்று வருடமாகிறது. மெட்டு மட்டும் ஏதாவது ஒரு வண்டியின் பின்பக்கத்திலிருந்து வந்துகொண்டே இருக்கிறது.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள். ஸ்ரீபெரும்புதூரில் என் கடை ஒரு ஷட்டர் அகலம். தெற்கிலிருந்து கம்பெனி வேலைக்கு வருகிறவர்களுக்குப் பாய், பக்கெட், தலையணை, சோப்பு விற்றேன். நீ திருநெல்வேலிப் பக்கம். பக்கத்துப் பென்னலூரில் ஒரு கம்பெனியில் வேலை. பாய் வாங்க வந்தவன், அங்கேயே உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டாய். உங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயில் பியானோவில் பழகிய விரல்கள் உனக்கு. ஷிப்ட் முடிந்து அறையில் மற்றவர்கள் தூங்க, நீ காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கீபோர்டில் சத்தமில்லாமல் வாசித்துக்கொண்டிருப்பாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வடக்குப்பட்டு ஜெபக்கூடத்தில் கிறிஸ்துமஸ் விருந்து. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நீ வாசிக்க வேண்டும். அங்கே பாடுகிற பெண்ணை நீ கல்யாணத்துக்குக் கேட்டிருந்தாய். அவளுக்கு எல்லாமே அண்ணன்தான். கார் கம்பெனி லைனில் சூப்பர்வைசர். ஊர் தெரியாத ஆளுக்குத் தங்கையைக் கொடுக்க அவருக்கு மனமில்லை. "வாசிக்கட்டும், பாக்கலாம்" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

நீ ஆறு நிமிடம் ஓடும் கடினமான ஒன்றைப் பழகி வைத்திருந்தாய். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

"பிரியாணி துன்னுட்டு குந்திகினு இருப்பாங்க. அவங்களுக்குப் பரீட்சையா வெக்கப்போற? தெரிஞ்சதக் குடு."

"கஷ்டமானத வாசிச்சாத்தான வே மதிப்பாவ?"

"கடையில முன்னாடி இன்னா வெச்சிருக்கேன்? எல்லாரும் கேக்குற சோப்பு."

நாலு சின்னத் துண்டுகள் எடுத்தோம். ஊரறிந்த கிறிஸ்துமஸ் பாட்டு, ஒரு தாலாட்டு, ஒரு பழைய சினிமா மெட்டு. நாலாவது, வேன்கள் பாடுகிற அந்த வெள்ளைக்காரப் பியானோ மெட்டு. "இது தெரியாத ஆளே இந்த ரோட்ல கெடையாது" என்றேன்.

மூன்று நன்றாகப் போயின. அண்ணனின் கால்கூடத் தாளம் போட்டது. நாலாவதில் இரண்டு வரி போயிருக்காது, முப்பது பேர் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார்கள். அண்ணன் எழுந்து நாலடி ஓடியே விட்டார். பிறகுதான் கூடம் சிரித்தது.

"சார், ஞாயித்துக்கெழமையும் லைன் ஓடுதா?" என்று எவனோ கத்தினான்.

அந்த முப்பது பேரும் அண்ணனின் லைன் ஆட்கள். கார் பூட்டும் அந்த லைனில் கோளாறு என்றால் தொழிலாளி தலைக்கு மேலுள்ள கயிற்றை இழுப்பான். உடனே இந்த மெட்டு ஒலிக்கும், சுவர்ப் பலகையில் விளக்கு எரியும், சூப்பர்வைசர் ஓடி வர வேண்டும். இதெல்லாம் நமக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தன் ஆட்களே சிரிக்க, அண்ணன் கூடத்தின் நடுவில் நின்றார். அவர் சிரிக்கவில்லை.

"எங்கள நக்கல் பண்றியா? எவன் எடுத்துக் குடுத்தான் இந்தப் பாட்ட?"

நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். குனிந்து செருப்பைப் பார்த்தேன்.

"நாந்தாண்ணே எடுத்தேன். தெரியாம எடுத்துட்டேன்" என்றாய். என் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. பிறகு மெதுவாகச் சேர்த்தாய்: "கயித்த இழுத்தாச்சு, நீங்களும் வந்துட்டிய. பிரச்சனையச் சொல்லிரட்டுமா?"

அவர் தங்கையைப் பார்த்தார். அவள் தட்டால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தாள்.

"தப்ப ஒத்துக்கினு நிக்கிறவன் என் லைன்லயே ரெண்டு பேர்தான்" என்றார். "வூட்டுக்கு வா. பேசலாம்."

உன் கல்யாணத்துக்குப் பாய் தலையணை எல்லாம் என் கடையிலிருந்துதான் வந்தன. அந்த மதியத்தைப் பற்றி நீ ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

இப்போது ஏழெட்டு கம்பெனிகளுக்குக் கையுறை சப்ளை செய்கிறேன். அளவு மாறிப் போகாத மாதமில்லை. போன வாரமும் போன் வந்தது, எவன் அனுப்பினான் என்று. அந்தப் பெட்டியைக் கட்டிய பேக்கிங் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தாங்க எடுத்துக் குடுத்தேன்" என்றேன்.