சுவிட்சில் கட்டிய கம்பி

சட்டையை இரண்டு முறை துவைத்தும் உருகிய பிளாஸ்டிக் வாடை போகவில்லை. இன்று காலை திருமுல்கேரியில் பஸ் ஏறியபோது பக்கத்தில் நின்றவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீ போய்ப் பதினொரு நாள். பாலாநகர் கொட்டகையில் உன் மெஷின் மட்டும் நிற்கிறது. மற்றவை பக்கெட் மூடிகளைத் துப்பிக்கொண்டேதான் இருக்கின்றன.

நீ ஆபரேட்டர், நான் ஷிப்ட் எஞ்சினியர். திண்டுக்கல்லிலிருந்து வந்த எனக்குத் தமிழில் திட்டுவதற்கு, தெலுங்கும் உருதுவும் பேசுகிற இந்த ஊரில் கிடைத்த ஒரே ஆள் நீ. உன் தாத்தா காலத்திலேயே ரயில்வே காலனிக்கு வந்த குடும்பம். உன் தமிழில் பாதி இந்த ஊர்தான். சாப்பாட்டு நேரத்தில் உன் டப்பாவைக் காலி செய்துகொண்டே நான் பெரிய பேச்சு பேசுவேன்.

“சரி, தப்புன்னு ஒண்ணுமே கிடையாதுடா. மனுஷன் பண்ணி வெச்சது. ஊருக்கு ஊரு மாறும்.”

“ஹவ் மியா, மாறும். அடி வாங்குனவன்கிட்ட போய்க் கேளு. எந்த ஊர்லயும் ஒரே பதில்தான் சொல்வான்.”

“அப்போ கெட்டது எங்கேர்ந்து வருது?”

“அதுக்குக் கெட்டவன் வேணாம். எல்லாரும் அவசரத்துல இருந்தா போதும். முதல்ல எங்கம்மா குழம்புல எனக்குக் கொஞ்சம் மிச்சம் வை.”

மெஷின் கதவு திறந்திருந்தால் அச்சு மூடாது. அதற்கென்று ஒரு சுவிட்ச். அதைக் கம்பியால் அமுக்கிக் கட்டிவிட்டால் கதவைத் திறந்து வைத்தே ஓட்டலாம். ஒவ்வொரு மூடிக்கும் சில நொடிகள் மிச்சம். எங்கள் கொட்டகையில் இதுதான் வழக்கம். சோதனைக்கு அதிகாரி வரும் நாளில் அவிழ்ப்போம், அவர் வண்டி கேட்டைத் தாண்டியதும் கட்டிவிடச் சொல்லி வைத்திருப்பவன் நான். அவிழ்க்கிற அன்று, “இன்னைக்குக் கதவுக்குப் பண்டிகை” என்பாய்.

உன் மெஷினில் மட்டும் நீ கட்டவிட்டதில்லை. அன்று லாரி வந்து நின்றது. மேனேஜர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். நான் கம்பியை எடுத்தேன்.

“நக்கோ மியா, வேணாம்.”

“ஒரு மணி நேரம்டா. லோடு ஏறினதும் அவுத்துடறேன்.”

கட்டியது நான். ஒரு மூடி அச்சில் ஒட்டிக்கொண்டது. எடுக்கக் குனிந்தாய். அச்சு மூடியது. யார் வீட்டிலோ அரிசி மூடி வைக்கிற பக்கெட்டுக்காக ஓர் ஆள் போனான். லாரி மறுநாள் வந்து லோடு ஏற்றிக்கொண்டு போனது.

மேனேஜர் சேலத்துக்காரர். அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடிந்தால் எனக்கு நிம்மதி. ஆனால் ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அழுதவர் அவர்தான். மறுநாள் டைப் செய்த தாளை என்னிடம் நீட்டினார். ஆபரேட்டரே யாருக்கும் தெரியாமல் சுவிட்சைக் கட்டியிருக்கிறார் என்று அதில் இருந்தது.

“போனவனை யாரும் ஜெயில்ல போட முடியாது தம்பி. உனக்கு வாழ்க்கை இருக்கு. நம்மாளுங்கள நாமதானே பாத்துக்கணும்?”

நீயும் நம்மாள்தான் என்பது கையெழுத்துப் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

லோத்குண்டாவில் உன் வீட்டுக்குப் போனேன். “அவனே கட்டிக்கிட்டான்னு சொல்றாங்களே தம்பி. காஸ் மூடியிருக்கான்னு ரெண்டு தடவை பாக்குற புள்ள, இதைப் பண்ணுவானா?” என்று உன் அம்மா கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதையே அவர் ஆமாம் என்ற பதிலாக எடுத்துக்கொண்டார். என் வாதமெல்லாம் அந்த இடத்தில் செத்தது. தப்பு என்பது மனிதன் பண்ணி வைத்ததாகவே இருக்கட்டும். பண்ணி வைத்தவன் நான்.

இன்று விசாரணைக்கு அதிகாரி வந்தார். “கட்டினது நான்தான் சார். முன்னாடி கையெழுத்துப் போட்டது பொய்” என்றேன். மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வழக்கு உங்கள்மேல் வரும், தெரியுமா என்று அதிகாரி கேட்டார். தெரியும் என்று எழுதிக் கொடுத்தேன். உன்மேல் விழுந்த பழியை இறக்கிவிட்டோம் என்ற நினைப்போடு கொட்டகைக்குள் வந்தேன்.

அதிகாரியின் வண்டி அப்போதுதான் கேட்டைத் தாண்டியிருந்தது. பக்கத்து மெஷினில் ஒடிசாவிலிருந்து புதிதாகச் சேர்ந்தவர், என்னை அதுவரை பார்த்திராதவர், சுவிட்சில் கம்பியை இறுக்கிக்கொண்டிருந்தார். யார் கட்டச் சொன்னது என்று இந்தியில் கத்தினேன். அவர் நிமிரவேயில்லை. எஞ்சினியர் சார் சொல்லி வைத்திருக்கிறாராம் என்றார்.

அவிழ்த்தேன். நாளை நான் இங்கே இருக்கமாட்டேன். என் பேச்சு இருக்கும். நான் இல்லாமலே, முகம் தெரியாதவர்களின் கையைப் பிடித்து அது கட்ட வைத்துக்கொண்டிருக்கும். உன்னை நினைக்கிறபோதெல்லாம் அவர்களையும் சேர்த்தே நினைக்கிறேன்.