நீ அடித்து வைத்துவிட்டுப் போன காற்று

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் மச்சான் எழுதுகிறேன். போன மாதம் ரயில்வே கேட்டில் நடந்ததை வேறு யாராவது அங்கே வந்து உன்னிடம் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

உன் வண்டிக்குப் புதுச் சக்கரம் மாட்டி, மெக்கானிக் கடையிலிருந்து வீட்டுக்கு நான்தான் ஓட்டி வந்தேன். "மொதல்ல அப்பா ஓட்டிப் பாக்கேன்" என்று மகள் மகேசிடமிருந்து வீறாப்பாகச் சாவியை வாங்கிக்கொண்டேன். ஓடுகிறவரைக்கும் ராஜாதான். கேட் அடைத்திருந்தது, நிறுத்தினேன், காலைக் கீழே விட்டேன். தரை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. முன்பே உயரமான வண்டி. பெரிய சக்கரம் வந்த பிறகு சீட் இன்னும் மேலே ஏறிவிட்டதை என் கால்களுக்கு யாரும் சொல்லவில்லை. அப்படியே மெதுவாக, மரியாதையாகச் சாய்ந்து, பக்கத்தில் தேங்காய் ஏற்றி நின்ற லோடு ஆட்டோவில் தோளைக் கொடுத்து நின்றுவிட்டேன். விழவும் இல்லை, நிமிரவும் முடியவில்லை.

ரயில் போனது, கேட் திறந்தது. ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "அண்ணாச்சி, நான் எடுத்தா நீங்க விழுந்திருவிய. எடுக்கவா, இருக்கவா?" என்றார். பின்னால் பஸ்காரர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். நான் போட்டோவுக்கு நிற்பவன் மாதிரி சாய்ந்தபடியே சிரித்தேன். ஸ்கூட்டரில் பின்னால் வந்த மகேசு ஓடிவந்து வண்டியைப் பிடித்து என்னை இறக்கினாள். முட்டியில் சிராய்ப்பு. இத்தனை வருடம் பேண்டேஜ் துணி மில்லில் சூப்பர்வைசராக இருக்கிறேன், எங்கள் துணியை என் காலில் சுற்றியது அன்றைக்குத்தான். தரம் பரவாயில்லை.

இது பத்திரிகைக்கு அனுப்பப்போகிற கடிதம். உன் வண்டியை இதுவரை பார்க்காதவர்களும் படிப்பார்கள், அவர்களுக்காக ஒரு வார்த்தை. ராணுவத்திலிருந்து வந்த கையோடு நீ வாங்கிய வண்டி அது. சூப்பர்மோட்டோ என்று நீ சொன்னபோது ஏதோ புதுச் சோப்புத்தூள் என்று நினைத்தேன். மேட்டிலும் பள்ளத்திலும் தாவுகிற காட்டு வண்டியின் நெட்டை உடம்பு, ஆனால் சக்கரம் மட்டும் தார்ரோட்டுக்கானது. சின்னச் சக்கரம், அகல டயர், வழுவழுப்பு. "மேல சட்டை ஒருத்தனுது, கால்ல செருப்பு இன்னொருத்தனுதுங்கிற மாதிரி இருக்கே மாப்ள" என்றேன். "வளைவுல படுத்து எந்திரிக்கும் பாருங்க மச்சான், அதுக்குத்தான் இந்தச் சக்கரம்" என்று என்னைப் பின்னால் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் கூட்டிப்போய் வந்தாய். எப்படி இருந்தது என்று கேட்டாய். பிரமாதம் என்றேன். நான் ஒரு வளைவையும் பார்க்கவில்லை மாப்பிள்ளை. கண்ணை மூடியிருந்தேன்.

மகேசு கால்நடைப் படிப்பு முடித்த அன்று எல்லோர் முன்னாலும் சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? "தாய்மாமன் சீருன்னா பித்தளைக் குடந்தான் வைக்கணுமா? எம் மருமகளுக்கு இந்த வண்டிதான் சீரு. வேலை கெடைக்கட்டும், சாவியக் குடுக்கேன்." வேலை கிடைத்துவிட்டது. நீ போன பிறகு கிடைத்தது. சாவியை உன் அக்காதான் வைத்திருந்தாள், கொடுக்க மனசு வராமல்.

நீ மதுரை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையை அவள் மறக்கவில்லை. வண்டியை எங்கள் ஷெட்டில் நிறுத்தினாய். நிற்கவே தெம்பில்லாத ஆள், கால்பம்பை எடுத்துப் போட்டு இரண்டு சக்கரத்துக்கும் காற்று அடித்தாய். அவள் திட்டத் திட்ட அடித்தாய். "காத்து அடிச்சு வச்சிருக்கேன்க்கா. வந்து எடுத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாய். எடுக்க நீ வரவே இல்லை.

அதற்குப் பிறகு தினமும் காலையில் எழுந்ததும் உன் அக்கா ஷெட்டுக்குத்தான் போவாள். சப்பட்டை மாம்பழம் பழுத்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல முன் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பாள். "இன்னும் தம்பி காத்து இருக்கு" என்பாள். அதன் பிறகுதான் அடுப்பு பற்றும், எனக்குக் காபி வரும்.

மகேசுக்கு மலையடிவாரத்தில் வேலை. மலைமாட்டுக் கிடைகளுக்குக் கோமாரி ஊசி போடுவது, கன்று ஈனும்போது கூட இருப்பது. கிடை தார்ரோட்டு ஓரத்திலா நிற்கும்? செண்பகத்தோப்புப் பக்கம் ஸ்கூட்டர் போகிறவரை போய், அதற்கப்புறம் மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பாள். மழைக்காலத்தில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடப்பாள்.

ஒருநாள் இடுப்புவரை சேற்றோடு வந்தாள். சாப்பிடவில்லை. ஒரு பசுவுக்குக் கன்று குறுக்கே கிடந்ததாம். கிடைக்காரர் போன் பண்ணியதும் கிளம்பியிருக்கிறாள், போய்ச் சேர்வதற்குள் கன்று செத்துவிட்டது, பசு மட்டும் பிழைத்தது. "அந்தப் பாதைக்கு ஏத்த வண்டி இருந்திருந்தா ரெண்டும் பொழச்சிருக்கும்மா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். உன் வண்டியின் பேரை எடுக்கவில்லை. எடுக்காததுதான் உன் அக்காவைக் குத்தியது.

மறுநாள் காலையில் அவள் கட்டைவிரல் டயரில் வெகுநேரம் இருந்தது. உள்ளே வந்து சாவியை மேசைமேல் வைத்தாள். "சக்கரத்த மாத்திக்கிடுங்க. நிறுத்தி வைக்கவா என் தம்பி சீரு செஞ்சான்? ஆனா அவன் காத்த எவனும் பிடுங்கப்பிடாது."

இதைப் போய் மெக்கானிக் பாண்டியிடம் எப்படிச் சொல்வது? அவன் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தான். பழைய சக்கரத்தைப் பிரித்து, நடுக்குடத்தை மட்டும் எடுத்து, அதில் பெரிய ரிம்மையும் புதுக் கம்பிகளையும் கோத்துவிடலாம், வேலை சுலபம் என்றான். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். உன் அக்கா, "பிரிச்சா காத்து?" என்றாள். பாண்டி என்னைப் பார்த்தான். நான் சுவரில் தொங்கிய ஸ்பேனர்களைப் பார்த்தேன். கடைசியில் அவனே, "சரிக்கா, இதே கம்பெனி காட்டு வண்டியோட சக்கரத்த முழுசா வாங்கி மாட்டிருவோம். பழைய சக்கரம் அப்படியே ஒங்க வீட்டுக்கு வந்திரும்" என்றான்.

முழுசா வாங்கினாலும் லேசில் முடியவில்லை. முன் சக்கரம் இருபத்தோரு அங்குலம், பின் சக்கரம் பதினெட்டு. புதுச் சக்கரத்தில் பிரேக் டிஸ்க் சின்னது, அதனால் பிரேக்கைப் பிடித்து நிற்கும் இரும்பை மாற்ற வேண்டியிருந்தது. அச்சுக்கு இரண்டு பக்கமும் வேறு அளவு வளையம் கடைந்து வர வேண்டியிருந்தது. மட்கார்டு இடித்தது, உயரத் தூக்கினார்கள். என் பங்கும் உண்டு. டயரில் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று அம்புக்குறி போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். தப்பாகச் சொன்னேன். மறுபடியும் கழற்றினார்கள். பத்தாவதை இரண்டு தடவை எழுதியவன் டயரை இரண்டு தடவை மாட்டுவதில் என்ன அதிசயம் என்று நீ இருந்திருந்தால் கேட்டிருப்பாய்.

அத்தனை நேரமும் உன் அக்கா பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கழற்றிய முன் சக்கரத்தை முட்டியோடு சேர்த்துச் சாத்தி, ஒரு கையை அதன்மேல் வைத்திருந்தாள். பஸ் ஸ்டாண்டில் பிள்ளையைப் பிடித்து வைத்திருக்கிற மாதிரி.

பிறகு எலுமிச்சம்பழம். கடைக்கு முன்னால் சிமெண்ட் தளத்தில் வைத்து ஏற்றலாம் என்றாள் மகேசு. மண்ணில் ஓடப்போகிற டயருக்கு மண்ணில்தான் பூஜை செய்ய வேண்டும் என்று நான் ஒரு தத்துவம் பேசி, பக்கத்துக் காலி மனைக்கு வண்டியைத் தள்ளவைத்தேன். முந்தின நாள் மழை பெய்திருந்தது. சூடம் காட்டி, பழத்தை வைத்து, வண்டியை உருட்டியே அதன்மேல் ஏற்றினேன். சத்தமே இல்லை. குனிந்து பார்த்தால் பழம் நசுங்காமல் அப்படியே சேற்றுக்குள் இறங்கிவிட்டது. தோண்டி எடுத்தால் முழுசாக, கடையில் வாங்கிய மாதிரியே இருக்கிறது. உன் அக்காவின் முகம் மாறிவிட்டது. பாண்டி, "டயரு மண்ண அம்புட்டு மெதுவா மிதிக்கிதுன்னு அர்த்தம்க்கா. இது நல்ல சகுனந்தான்" என்று சமாளித்தான். அவளும் சமாதானம் ஆன மாதிரி இருந்தது. நான் மட்டும் ரயில்வே கேட்டில் ஆட்டோமேல் சாயாமல் இருந்திருக்கலாம். இப்போது எது நடந்தாலும், பால் திரிந்தால்கூட, அந்த எலுமிச்சம்பழத்தில்தான் போய் நிற்கிறது.

ஆனால் மகேசு ஓட்டுவதை நீ பார்க்க வேண்டும் மாப்பிள்ளை. உன் உயரம் அவளுக்கு. கால் தரையில் நன்றாக ஊன்றுகிறது. ஸ்கூட்டர் நின்றுபோகிற இடத்தில் இது கியரை மாற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. போன மழையில் இன்னொரு கிடையிலிருந்து போன் வந்தது. போனாள். சாயங்காலம் கன்றோடு ஒரு போட்டோ அனுப்பினாள். நாக்கு வெளியே தள்ளி, ஈரமாக, எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தது கன்று. உன் அக்கா அந்தப் போட்டோவைத் தளவாய்புரத்துச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள், பேத்தி பிறந்த மாதிரி.

நாற்பதுக்கு மேல் போகாதே என்று சொல்லியிருக்கிறேன். அவளும் மீட்டரைக் காட்டுகிறாள், நாற்பதுதான். பாண்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மீட்டருக்கு இன்னும் பழைய சின்னச் சக்கரத்தின் கணக்குதான் தெரியும், அது நாற்பது காட்டினால் வண்டி நிஜத்தில் ஐம்பதை நெருங்கியிருக்கும், மாற்றி வைக்கவா என்று கேட்டான். இருக்கட்டும் என்றேன். நானும் உன் அக்காவும் அந்த மீட்டர் மாதிரிதான் இருக்கிறோம். பிள்ளை நாங்கள் நினைக்கிற வேகத்தில் போவதில்லை. இது உனக்கு முன்பே தெரிந்திருக்கிறது, அதனால்தான் குடம் வைக்காமல் வண்டியை வைத்தாயா?

உன் சக்கரங்கள் ஷெட்டுச் சுவரில், இரண்டு கொக்கியில் தொங்குகின்றன. கோடை வரட்டும். மலைப்பாதை காய்ந்து மகேசுக்கு நாலு நாள் லீவு கிடைக்கும்போது உன் சக்கரத்தையே மறுபடி மாட்டி, உன் அக்காவைப் பின்னால் உட்காரவைத்து, தார்ரோட்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் நானே ஓட்டிப்போகிறேன். இது சத்தியம். இந்தத் தடவை எல்லா வளைவையும் கண்ணைத் திறந்து பார்ப்பேன். ஓட்டுகிறவன் பார்த்துத்தானே ஆக வேண்டும்.

இனி எழுதப்போவதை அவள் படிக்கமாட்டாள். பத்திரிகையில் அவள் படிப்பது ராசிபலன் மட்டும்தான். படிக்கிற நீங்களும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

சனிக்கிழமை தோறும் உன் அக்கா ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைக்கு, மலைமேல் இருக்கிற பெருமாளைப் பார்க்கப் போவாள். போன சனிக்கிழமையும் துளசியும் பையுமாகக் கிளம்பினாள். வாசல்வரை போனவள் திரும்பி, "வாரேங்க. காத்தப் பாத்துக்கோங்க" என்றாள். என்ன அர்த்தத்தில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. சாயங்காலம் வந்ததும் சுவரில் தொங்கிய சக்கரத்தை அமுக்கிப் பார்த்து, "இன்னும் தம்பி காத்து இருக்குங்க" என்றாள்.

"இருக்கு" என்றேன்.

எந்த டியூபிலும் காற்று அவ்வளவு நாள் தங்காது, நீ போனதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் மலை ஏறுகிற நேரத்தில் உன் கால்பம்பை எடுத்து நான்தான் மிதிக்கிறேன், உன் காற்று முழுக்கப் போவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டேன், அதனால் உள்ளே உன்னுடையதும் கொஞ்சம் கட்டாயம் இருக்கும், என்னுடையதோடு கலந்து கிடக்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் அக்காவைக் கட்டியவன், உன் மருமகளைப் பெற்றவன்,
பின்சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த உன் மச்சான்