அமோனியா ஊற்றிய கை

கண்ணான தங்கச்சி மாரியாயி,

நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் உன் மகள் செல்வி. நான் வைகிற இடமெல்லாம் பேனாவை நிறுத்திவிடுகிறாள். டீச்சர் அல்லவா. அதனால் நான் சொன்னதில் பாதிதான் உனக்கு வந்து சேரும். மீதியை நீயே போட்டுக்கொள்.

செய்தி இதுதான். அப்போது ரப்பர் பெக்டரிக்குப் பொறுப்பாக இருந்த பெக்டரி ஐயாவை மறுபடி பார்த்தேன். மாரியம்மன் கோயில் திருவிழாவில், தோட்டமே கூடியிருக்க, நேருக்கு நேர்.

உனக்குத் தெரிந்த கதையை உனக்கே சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதே. நீ உயிரோடு இருந்தவரை ஊர் அதைத் தப்பாகவே கேட்டது. சரியாக ஒரு முறை கேட்கட்டும்.

நம்முடைய பெக்டரியில் ரப்பர் பாலுக்கு இரண்டு மருந்து. மரத்திலிருந்து எடுத்த பால் வருகிற வழியிலேயே உறைந்துவிடாமல் இருக்க அமோனியா. தொட்டிக்கு வந்ததும் அதை உறைய வைக்க அசிட். ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்தால் வாளிகளில் அமோனியாவைக் கூட்டித்தான் விடுவார்கள். அன்றைக்கு அசிட்டையும் கூட்டி ஊற்றினால்தான் பால் கட்டும். ஒன்றை ஒன்று அடக்கும் என்பது அங்கே வேலை செய்த எல்லாருக்கும் தெரிந்த பாடம். அந்தப் பாடத்தைத்தான் அந்த மனிதர் உன் முகத்தில் செய்து பார்த்தார்.

அசிட் கேன் உன் கையில் வழுக்கியது. முகத்தில் தெறித்தது. நீ கத்தினாய். குழாய் பக்கத்திலேயே இருந்தது. நான் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஓடி வந்தேன். பெக்டரி ஐயா என்னை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். “தண்ணி ஊத்தாதடா, மடையா. அசிட்டுக்கு மருந்து அமோனியா” என்றார். போத்தலை எடுத்தார். உன் தலையைப் பிடித்து நிமிர்த்தி, கண்ணைப் பார்த்து ஊற்றினார். அதற்குப் பிறகு நீ கத்திய சத்தம் வேறு.

கண்டியில் உன்னைப் பார்த்த டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். அசிட் பட்டால் கண்ணின் மேல்பக்கம் வெந்து, பால் கட்டுகிற மாதிரி ஓர் ஆடை கட்டும். அந்த ஆடையே அசிட்டை மேற்கொண்டு போகவிடாமல் மறிக்கும். அமோனியா அப்படி இல்லை. கரைத்துக்கொண்டே உள்ளே போகும். உடனே தண்ணீரை விட்டு, விட்டு, விட்டுக் கழுவியிருந்தால் ஒரு கண்ணாவது மிஞ்சியிருக்குமாம். வாளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவன் நான், தங்கச்சி. அந்த வாளியின் பாரம் இன்னும் கையில் இருக்கிறது.

பிறகு விசாரணை. ஒப்பீஸ் வாசலில் எல்லாரையும் நிறுத்தினார்கள். பெக்டரி ஐயா எழுந்து, பதற்றத்தில் அந்தப் பெண்ணே போத்தலை எடுத்து ஊற்றிக்கொண்டாள் என்றார். நான் இல்லை என்றேன். “போத்தல்ல என்னா எழுதியிருந்துச்சின்னு ஒனக்கு வாசிக்கத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியாது. எனக்கு மூக்கு இருக்கிறது என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு விசாரணை முடிந்தது. கொஞ்ச நாளில் அவர் மாற்றலாகிப் போய்விட்டார்.

நீ அமோனியாக்காரி ஆனாய். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் அமோனியாக்காரி, கடையில் அமோனியாக்காரி. செல்வி பள்ளிக்கூடத்தில் அமோனியாக்காரி மகள். ஒரு நாள் நீ என்னிடம் கேட்டாய்: “ஏண்ணே, அமோனியாக்காரின்னு கூப்புட்டா நா திரும்பிப் பாக்கணுமா? பாக்க எனக்கு என்னா இருக்கு?” நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண் போனதை நீ பொறுத்துக்கொண்டாய். பேர் போனதை நீ பொறுத்துக்கொண்டாயா? கேட்டிருக்க வேண்டும் உன்னிடம்.

இப்போது பெக்டரி ஐயா பலாபத்வலையில் பெரிய வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். நம் கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தாராம். அதற்காகப் பொன்னாடை போர்த்துவது என்று கமிட்டி முடிவு செய்தது. போர்த்துவதற்குப் பழைய பெக்டரி ஆள் ஒருவர் வேண்டும். மிச்சமிருப்பது நான்தானே. கோயில் தலைவர் வந்து கேட்டார். நான் மறுக்கவில்லை. அதுவே அவருக்குப் பயமாகிவிட்டது. “போத்திட்டு பேசாம எறங்கிருங்கண்ணே. ஒங்க வாய் எனக்குத் தெரியும்” என்றார். நான் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன்.

மேடையில் பெக்டரி ஐயா உட்கார்ந்திருந்தார். தலை நரைத்து, உடம்பு வற்றி. அதைப் பார்த்து மனம் இளகியதா என்று கேட்பாய். இல்லை. பொன்னாடையை என் தோளில் போட்டுக்கொண்டு, பூசாரியின் கையிலிருந்த கற்பூரத் தட்டை வாங்கினேன்.

“ஐயா, ஒரு கேள்விதான். எந் தங்கச்சி கண்ணுல அமோனியா ஊத்துனது அவ கையா, ஒங்க கையா? அவ கைதான்னா, இந்தக் கற்பூரத்த அடிச்சு அணைச்சுச் சொல்லுங்க. போத்திவுடுறேன்.”

கற்பூரத்தை அடித்துப் பொய் சொன்னால் வம்சம் விளங்காது என்பது நம் ஆட்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவருடைய பேரன் பேத்திகள் முன்வரிசையில் இருந்தார்கள். பழைய கதை, இப்போது எதற்கு என்று மெல்லச் சொன்னார். கை இடுப்புவரை எழும்பியது. பிறகு லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கூட்டத்தில் உன் கூட்டாளி பேச்சாயி இருந்தாள், வாயில் வெற்றிலையோடு. “என்னாங்க ஐயா, கை சுட்டுருமா? அவ கண்ணு சுடலயா?” என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. கற்பூரம் தானாகவே எரிந்து முடிந்தது. பொன்னாடையை அம்மன் காலடியில் வைத்துவிட்டு நான் இறங்கினேன்.

போன கிழமை அவருடைய மகன் வாகனத்தில் வந்தான், பழப் பையோடு. அப்பா சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, ஒருக்கா வீட்டுக்கு வந்தால் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்வார் என்றான். நல்ல பிள்ளைதான். பழி ஒன்றும் அவன்மேல் இல்லை. ஆனாலும் சொன்னேன்: “பொய்யச் சொன்னது ஒப்பீஸ் வாசல்ல, எல்லாருக்கும் முன்னுக்கு. மன்னிப்பு மட்டும் ஒங்க வீட்டு மெத்தக் கதிரையிலயா?” பையைத் திருப்பிக் கொடுத்தேன்.

அவன் போன பிறகு செல்வி என்னோடு சண்டை. “அவரு கெழவரு, மாமா. விட்டுருங்க” என்றாள். பள்ளிக்கூடத்தில் அவளை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று கேட்டேன். பள்ளிக்கூடக் கொப்பிகளை அடுக்கினாள். பிறகு, என்னைத் திசைதிருப்பவோ என்னவோ, தன் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற ஒரு விஷயத்தைச் சொன்னாள். நாம் ஊற்றினோமே போமிக் அசிட், அது தன்னிடம் உள்ள புளிப்பை ஒரேயடியாக வெளியே விடாதாம். கொஞ்சம் விட்டு, மிச்சத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருக்குமாம். வெளியே விட்டது செலவானால், பிடித்து வைத்ததிலிருந்து மறுபடி கொஞ்சம் விடுமாம். போகிறதும் வருகிறதும் சமமாக நிற்கிறதற்குச் சமநிலை என்று பேராம். வெளியே பார்த்தால் அசையாத மாதிரி இருக்குமாம், உள்ளே ஓயாதாம்.

நான் எத்தனை வருஷம் சும்மா இருந்தேன் என்று ஊர் கேட்கிறது. சும்மாவா இருந்தேன்?

கோயிலுக்குப் பிறகு பீலிக்கரையில் உன்னை மாரியாயி என்றுதான் சொல்கிறார்களாம். அந்த மட்டும் சந்தோஷம். ஆனால் அது ஊர் வாய். எனக்கு வேண்டியது அவர் வாய். நீ இருந்திருந்தால், போதும் அண்ணே என்று சொல்லியிருப்பாயோ? சொன்னாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

அவர் படுக்கையில் விழுந்துவிட்டாராம். பரவாயில்லை. நாற்காலியில் வைத்துத் தூக்கி வரட்டும், அதே ஒப்பீஸ் வாசலுக்கு. சொல்லிவிட்டால் அத்தோடு சரி. சொல்லாமல் எனக்கு முன்னால் போய்விட்டால், பலாபத்வலைக்குப் போவேன். பெரிய மனிதர்கள் மலர்வளையத்தோடு வரிசையில் நிற்கிற நேரம் பார்த்துப் போவேன். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, மேலே போர்த்திய துணியை விலக்கி, அந்த வலது கையை எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்து, “மாரியாயி ஊத்தல, இந்தக் கைதான் ஊத்துச்சு” என்று சொல்லிவிட்டுத்தான் கீழே விடுவேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்தவன்,
உன் பெரியண்ணன் முனியாண்டி